மாதையன் கொண்டுபோன ரோட்டர்

ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுக் காளியாயிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் கணவர் மாதையன் எஸ்டேட் டிரைவராக இருந்து, முதலாளி கழித்துக்கட்டிய அம்பாசிடரை வாங்கி டாக்சி ஓட்டியவர். அத்தனை வருடத்தில் அவள் ஒரு நாள்கூட முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. "டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்தா ஊரே பாக்குமுங்க" என்பாள். மலையில் நாலு வீட்டைச் சேர்த்தால் அதற்குப் பெயர் ஊர்.

காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பாள். கீழ் வளைவில் வண்டிச் சத்தம் கேட்டால்தான் உலை வைப்பாள். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வண்டியை வாசலில் நிறுத்திப் பானட்டை மூடிய மாதையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்தார். அதோடு சரி. அதற்கப்புறம் எப்போது உலை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பல நாள் வைப்பதேயில்லை.

தை மாதம் அவள் மகன் கருப்பண்ணன் ஏற்காட்டில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தான். சேலத்தில் கம்பெனி வேலையில் இருப்பவன்.

"உசேன் பாய், அப்பா வண்டிய ஓட வச்சுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை ஆத்தூர்ல இருந்து ஆள் வருது. வித்துட்டு அம்மாவக் கூட்டிட்டுப் போயிடறேன். தனியா நொம்பக் கஷ்டப்படறாங்க."

அம்மாவிடம் கேட்டாயா என்றேன். "அம்மாவுக்கு என்னங்க தெரியும்" என்றான். நல்ல பையன்தான். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சார்ஜ் போட்ட பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறினேன். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. இப்படி வந்தால் இரண்டே சந்தேகம்தான். பெட்ரோல் வரவில்லை, இல்லாவிட்டால் கரண்ட் வரவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் இருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் மேல் வைத்துவிட்டு, காளியாயியைச் சாவி திருப்பச் சொன்னேன். உள்ளே ஏறாமல் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திருப்பினாள். பொறி இல்லை.

எங்கள் மலையில் மூடுபனிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கிவிடும். துடைத்தால் சரியாகிவிடும் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே ரோட்டரே இல்லை. கட்டைவிரல் அளவுச் சாமான். சுற்றிச் சுற்றி எல்லாப் பிளக்குக்கும் கரண்டைப் பங்கு வைப்பது அதுதான்.

"அக்கா, இதுக்குள்ள இருந்ததை யாரு எடுத்தது?"

"அவருதானுங்க. தெனமும் வந்ததும் என்னமோ ஒண்ணக் கழட்டிச் சட்டப் பையில போட்டுக்குவாரு. இனி எந்தத் திருட்டுப் பயலும் ஓட்டிட்டுப் போக முடியாதும்பாரு."

"அந்தச் சட்டை எங்கக்கா?"

அவள் வண்டியின் மேல் கையை வைத்தாள்.

"காக்கிச் சட்டையோடதானுங்க பொதைச்சோம். பையில நாங்க கைய விடறதில்லீங்க பாய். போறவரு வச்சிருக்கறது போறவருக்குத்தான். எங்க வழக்கம் அது."

நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு ரிப்பேரை நான் பார்த்ததில்லை.

சேலம் போய்ப் புது ரோட்டர் வாங்கிவந்து மாட்டினேன். முதல் திருப்பிலேயே வண்டி பிடித்தது. சத்தம் கேட்டதும் காளியாயி விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனாள். பானையில் தண்ணீர் ஊற்றுவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், குடத்தைப் பிடித்தபடி நின்று அழுதுகொண்டிருந்தாள். இன்ஜினை நிறுத்திவிட்டேன்.

கிளம்பும்போது, "அதை எப்படிக் கழட்டறதுன்னு காட்டுங்க பாய்" என்றாள். இரண்டு கிளிப்பைத் தள்ளி, மூடியைத் தூக்கி, மேலே இழுத்தால் வந்துவிடும் என்று காட்டினேன். திருட்டுப் பயத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர்க்காரரின் காரில் கருப்பண்ணனும் நானும் போய் இறங்கினோம். ஆத்தூர்க்காரர் டயரை உதைத்துப் பார்த்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஏறிச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். கருப்பண்ணன் என்னை முறைத்தான். எனக்கு மானம் போயிற்று. பானட்டைத் தூக்கி மூடியைத் திறந்தேன். உள்ளே காலி.

தலையை நிமிர்த்தினேன். காளியாயி வாசற்படியில் நின்றிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைச் சுருக்குப் பையை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடியைத் திரும்பப் போட்டேன்.

"இன்ஜினை இறக்கணுமுங்க. இப்போதைக்கு ஓடாது" என்றேன். சின்ன வேலையைப் பெரிய வேலை என்று சொல்வதற்கு மெக்கானிக்குக் கற்றுத்தர வேண்டுமா என்ன.

"முந்தாநாள் ஓடுச்சுன்னீங்களே பாய்."

"முந்தாநாள் ஓடுச்சு. பழைய வண்டி, இன்னிக்கு மனசு மாறிடுச்சு."

ஆத்தூர்க்காரர் தன் காரில் ஏறிக்கொண்டார். கருப்பண்ணன் தாயின் கையைப் பிடித்தான். "வண்டி கெடக்குது. நீயாவது இப்ப வாம்மா."

"அப்பா வண்டிய இப்படிப் போட்டுட்டு எப்படி சாமி வர்றது? மொதல்ல ரிப்பேர் ஆகட்டும்."

பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நான் தங்கிவிட்டேன். கருப்பண்ணனை ஏற்றிக்கொண்ட கார் வளைவைத் தாண்டியதும் அவள் சுருக்குப் பையைத் திறந்தாள். ரோட்டரைச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். "ஒருக்கா போடுங்க பாய்."

போட்டேன். வண்டி பிடித்தது. காளியாயி பின்கதவைத் திறந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி முன்னால் இருந்தேன். பனி இறங்கிக் கண்ணாடியை மறைத்தது. நாங்கள் எங்கும் போகவில்லை.

"போதுமுங்க, நிறுத்திடுங்க" என்று இறங்கினாள். அவளே கிளிப்பைத் தள்ளி, ரோட்டரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவருகிட்ட ஒண்ணு இருக்குது. இது என்கிட்ட இருக்கட்டுமுங்க" என்றாள். பிறகு, "நீங்க கெளம்புங்க பாய். நான் உலை வைக்கணும்."