இன்ஜின் கொட்டாய்க்காரி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சொந்த ஊர் குயிலாப்பாளையம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை பார்த்தே இங்கிலீஷும் பிரெஞ்சும் பழகியவள், இப்போது மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லும்போது கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதையும் அப்படியே சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

மரக்காணத்தைப் புயல் புரட்டிப் போட்டிருந்த நேரம். உப்பளம் எது, கடல் எது என்று தெரியாதபடி ஒரே தண்ணீர். வெளிநாட்டு நிவாரண அமைப்புகள் மூன்றும், நம்மூர் அமைப்புகள் சிலவும் வந்து இறங்கியிருந்தன. ஒரே குப்பத்துக்கு மூன்று லாரி பிஸ்கட் போய், பக்கத்துக் குப்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடப் போகாமல் அடிதடி ஆனதால், எல்லோரையும் தினமும் மாலை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துக் கூட்டம் போட்டார்கள். நடத்தியவர் மார்த்தா என்ற வெளிநாட்டுப் பெண்மணி. எந்த ஊர் எந்த அமைப்புக்கு என்று சுவரிலிருந்த வரைபடத்தில் கலர் ஸ்டிக்கர் ஒட்டுவார். ஊர்க்காரர்கள் வந்து சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கூட்டம் முடியும் நேரம், கடைசியில் தூண் ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். உப்பளத்துப் பெண்கள் போடுவதுபோல் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கால் வரை சேறு.

"பெரிய வாய்க்காலுக்கு அந்தாண்ட இன்ஜின் கொட்டாய்ல இருக்குறோம்ங்க. உப்புக்குக் காவல். சொவரு இடிஞ்சி எங்க வூட்டுக்காரருக்குக் காலு போயிடுச்சி. கொழந்தைக்கு ஒடம்பு அனலா கொதிக்குது. சீக்கிரமா வாங்க."

எங்கள் தொழிலில் 'அவள் சொல்கிறாள்' என்று சொல்வதில்லை, 'நான்' என்றுதான் சொல்வோம். "என் குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது" என்று இங்கிலீஷில் சொன்னேன். நீல ஸ்டிக்கர்காரர், அந்தப் பக்கம் மஞ்சள் ஸ்டிக்கர் அமைப்புக்குத்தான் ஒதுக்கியது என்றார். மஞ்சள்காரர், படகு நீலத்திடம்தானே இருக்கிறது என்றார். கடைசியில் மார்த்தா அந்த இடத்தில் இரண்டு ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டார். அவர்கள் போவார்கள் என்று இவர்களும், இவர்கள் போவார்கள் என்று அவர்களும் இருந்துவிட, யாருமே போகவில்லை. சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

மறுநாள் அதே நேரம், அதே தூண்.

"இனிமே அவசரம் இல்லீங்க. மெதுவா வந்தா போதும்."

அதையும் அப்படியே சொன்னேன். மார்த்தா முகத்தில் ஒரு நிம்மதி. அவசரப் பட்டியலில் இருந்த அந்தக் கொட்டாயைப் பேனாவால் அடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவள் சொல்லவே இல்லையே. மூன்றாம் நாள் காலை, குப்பத்தில் எனக்குத் தெரிந்த மீன்பிடிக்காரர் ஏழுமலையைப் போய்க் கூப்பிட்டேன். "அந்தாண்ட யாரு இருக்கப் போறாங்கக்கா?" என்று முனகிக்கொண்டே போட்டை எடுத்தார். ஆழமில்லாத இடங்களில் கழியால் தள்ளித் தள்ளிப் போய்ச் சேர்ந்தோம்.

உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜினுக்காகக் கட்டிய கொட்டாய் அது, பாதிதான் நின்றிருந்தது. இன்ஜின் வைக்கும் மேடையில் ஒரு ஆள் சாய்ந்து கிடந்தார், ஒரு கால் கோணலாகத் திரும்பிக் கிடந்தது. மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. தொட்டேன். சில்லிட்டுப் போயிருந்தது.

"நேத்து பொழுது சாயசொல்ல அடங்கிட்டா," என்றார்.

குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். ஏழுமலை என் தோளைத் தொட்டு, இடிந்து கிடந்த சுவரைக் காட்டினார். செங்கல்லுக்கு அடியில் ஒரு சட்டைக் கை தெரிந்தது. புயலடித்த அன்றைக்கே சுவர் அவள்மேல் விழுந்திருக்கிறது. கூட்டத்துக்கு வந்தது வேறு யாரோ ஒருத்தியாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டு கல்லை நகர்த்தினேன். தண்ணீரில் ஊறிய முகம்தான், ஆனாலும் அவளேதான்.

திரும்பி வந்து மார்த்தாவிடம் கேட்டேன். அவர் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லையாம். "நீதானே எழுந்து நின்று சொன்னாய்? யாரோ உனக்குப் போனில் சொன்னது என்று நினைத்தோம்," என்றார். வேறு இரண்டு பேரிடம் கேட்டேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் காரியம், பிரம்மதேசத்தில் அந்தக் கால் உடைந்தவருடைய அண்ணன் வீட்டில் நடந்தது. காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் மறைக்க எனக்கு மனசில்லை. அவள் வந்தது, இரண்டு நாளும் சொன்னது, நாங்கள் போகாமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குப் பொறந்ததுலருந்தே பேச்சு வராதும்மா. கட்டிக்கின ஏழு வருசமும் கை ஜாடைதான்."

கட்டுப் போட்ட காலை நகர்த்திக்கொண்டு, என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அவ கொரலு எப்பிடிம்மா இருந்திச்சி?"

அவள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது, ஆனால் நினைத்துப் பார்த்தால் எல்லாமே என் குரலில்தான் கேட்கிறது. அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுகிறார். சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார். அப்புறம் ஒன்றும் பேசமாட்டார்.

"நீங்க ஏதாச்சும் பேசிக்கினே இருங்கம்மா," என்பார்.