கயிறு வீசியவர்

தன் ஒட்டகம் போரானின் வாயிலிருந்து வழியும் நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு, அதே துண்டால் தன் நெற்றியையும் துடைத்துக்கொள்கிறார் துர்முஷ். காப்பிக்கடையில் அவர் பக்கத்தில் ஏன் யாரும் உட்காருவதில்லை என்பதற்கு ஊரில் ஆயிரம் கதை உண்டு. உண்மைக் காரணம் அந்தத் துண்டுதான்.

குளிர்காலத்தில் ஆண் ஒட்டகத்துக்கு மதம் ஏறும். துருக்கியில், அய்தின் ஊர்ப்பக்கத்தில், அதன் சொந்தக்காரர்களுக்கும் ஏறும். "எவன் ஒட்டகம் வந்தாலும் சரி, போரான் கழுத்தப் போட்டு அமுக்கிரும்டா" என்று காப்பிக்கடையில் துர்முஷ் மீசையைத் தடவுவார். எதிராளி நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், துர்முஷுக்கு வீட்டு வேலை ஞாபகம் வந்துவிடும்.

வீட்டில் மனைவி கெஸ்பான். "ஒட்டகத்துக்கு வெந்நீர் வச்சுத் தேய்க்கிறியே, என் முதுக ஒரு நாளாவது தேய்ச்சிருக்கியா மனுஷா?"

"நீயும் நுரை தள்ளு, தேய்க்கிறேன்."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கொட்டிலில்.

இரண்டு ஒட்டகங்களை மோதவிடும் மல்லுக்கட்டில் ஓடினாலும் விழுந்தாலும் வலியில் கத்தினாலும் அந்த ஒட்டகம் தோற்றதாகக் கணக்கு. கத்தித் தோற்ற ஒட்டகம் அப்புறம் இன்னொன்றின் நுரையைப் பார்த்தாலே ஒதுங்கும். அது கத்துவதற்குள் சொந்தக்காரர் தன் கயிற்றை மைதானத்தில் வீசிவிடலாம். ஆட்டம் போகும், ஒட்டகத்தின் தைரியம் மிஞ்சும். வீசியவரை மட்டும் அடுத்த குளிர்காலம்வரை ஊர் வறுத்தெடுக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டில் எதிராளி முஸாஃபரின் ஒட்டகம் போரானின் கழுத்தைத் தன் முன்னங்கால்களுக்கு நடுவே வாங்கி அமுக்கியது.

"என்ன துர்முஷ் அண்ணே, உங்க வீரன் தரையில எதையோ தேடுறான், பல்லு விழுந்திருச்சா?" என்றார் முஸாஃபர்.

"வாய மூடுடா. இப்ப எந்திரிப்பான் பாரு."

சொல்லும்போதே போரானின் தொண்டை புடைத்து அசைவதைத் துர்முஷ் பார்த்துவிட்டார். கத்தல் அங்கிருந்துதான் கிளம்பும். கயிறு மைதானத்தில் போய் விழுந்தது.

கூட்டம் சிரித்தது. ஆட்கள் இரண்டையும் பிரித்து, முஸாஃபரின் ஒட்டகத்தை முதலில் இழுத்துப் போனார்கள். போரான் மெல்லத் தலை தூக்கியது. எதிரே யாரும் இல்லை. கொஞ்சம் யோசித்ததுபோல நின்றது. பிறகு, ஜெயித்த ஒட்டகம் செய்வதுபோல, வாலை முதுகில் பளீரென்று அடித்துக்கொண்டது.

துர்முஷ் அதன் முன்னால் போய் நின்றார். ஊர் மொத்தமும் பார்க்க, தொப்பியைக் கழற்றி, கழுத்தைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.