தேன் வைத்துக் கட்டிய கால்

பெரியப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை இருந்தது. தேன் நம்பிக்கை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அரசாங்கக் கச்சேரி அலுவலக வேலையில் இருந்து ஓய்வுபெற்று, யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் வெள்ளவத்தைக்கு எங்களோடு தங்க வந்தபோது அவர் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் உடுப்பு. மற்றதில் பழைய சாராயப் போத்தல்கள் நிறையத் தேன். மூன்றாம் மாடிக்கு அந்தப் பெட்டி கிலுங்கிக் கிலுங்கி ஏறியதைப் பக்கத்து வீடுகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. அவர் வாழ்நாளில் குடித்ததில்லை என்பதை அம்மா ஒவ்வொரு கதவாகப் போய் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் தேன்தான். இருமினால் இஞ்சிச் சாற்றில் தேன். அடுப்பில் கை சுட்டால் தேன். எனக்குக் கண் சிவந்தபோது கண்ணுக்குள்ளும் ஒரு சொட்டு விட்டார். நான் கத்திய கத்தல் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். தேன் வடித்த அடையை உருக்கி எடுத்த மெழுகைப் பழைய பவுடர் டப்பா ஒன்றில் வைத்திருந்தார். குதிகால் வெடிப்புக்கு அதைப் பூசுவார். பள்ளிக்கூடப் பையின் சிப் இறுகினாலும், அலுமாரி லாச்சி இழுபடாவிட்டாலும் அந்த டப்பாதான் வரும். பொத்தான் தைக்கிற நூலைக்கூட மெழுகில் இழுத்துத்தான் ஊசியில் கோர்ப்பார். அவர் தைத்த பொத்தான் பிய்ந்ததில்லை. சட்டை கிழிந்துபோன பிறகும் பொத்தான் இருக்கும்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஆனால் அதைப்பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. சீனியை வாசலோடு நிறுத்திவிட்டார். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி தேன் விட்டுக் குடித்தார்.

“சீனி மில்லில செய்யிறது. தேன் பூவில வாறது. ரெண்டும் ஒண்டெண்டு சொல்லுறவன் என்ன டொக்டர்?” என்பார்.

ஊரில் இருந்து வந்த போத்தல்கள் முடிந்தபின் தேன் விற்கிற சிங்கள ஆள் ஒருவர் மாதம் ஒருமுறை வாளியோடு படியேறி வந்தார். பெரியப்பா அவரைத் தம்பி என்கிற பொருளில் மல்லி என்று கூப்பிட்டு, உண்மையான தேன்தானா என்று சிங்களத்தில் கேட்பார். அவர் நெஞ்சில் கைவைத்து “எத்தம மஹத்தயா”, உண்மைதான் ஐயா, என்பார். அதை நம்பிவிடுகிற ஆளா பெரியப்பா? மேசையில் சோதனை தொடங்கும். தண்ணீர்க் கிளாசில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் இருக்க வேண்டும். தேனில் தோய்த்த நெருப்புக்குச்சி உரசியதும் பற்ற வேண்டும். கடைசியாக யன்னல் கட்டில் ஒரு சொட்டு வைப்பார். அசல் தேனுக்கு எறும்பு வராது என்பது அவருடைய முடிவான கொள்கை. எங்கள் யன்னலோ கடலைப் பார்த்தது. உப்புக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டுக்கு எந்த எறும்பும் எதற்காகவும் வந்து நான் கண்டதில்லை. அதனால் எல்லாத் தேனும் பாஸ்.

எனக்கு எட்டு வயதாக இருந்த வருடம் முருகன் தேருக்குப் பின்னால் காலி வீதி என்கிற பெருந்தெருவில் வெறுங்காலோடு நடந்தோம். மத்தியான வெயிலில் தார் இளகிக் கிடந்தது. அப்பா கடை நிழல்களைத் தேடித் தேடித் துள்ளினார். அம்மா சேலைத் தலைப்பை நிலத்தில் போட்டு நின்றுவிட்டார். பெரியப்பா மட்டும் நடுத் தாரில், தலைநிமிர்ந்து, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு அம்மா அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். “பக்தியெண்டா அதுதான் பக்தி,” என்றார். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவத் தண்ணீர் வார்த்தது நான். வலது உள்ளங்காலில் தோல், அவித்த உருளைக்கிழங்கின் தோல்போலக் கழன்று வந்தது. பெரியப்பா குனிந்து பார்த்தார்.

“முருகன் தந்த கொப்புளம். தேன் வைச்சா காஞ்சிடும்,” என்றார்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் கட்டுப் போடுவது என் வேலையானது. பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டில் இருக்க, ஏன் நான் என்று இப்போது கேட்கலாம். அம்மா அவரோடு நேரே கதைப்பதில்லை. புருசனின் அண்ணர்; அவருடைய காலைத் தொட்டுத் திருப்பிப் பார்ப்பதை அம்மாவால் நினைத்தும் பார்க்க முடியாது. அப்பாவைப் படிப்பித்து ஆளாக்கியவர் பெரியப்பா. அவர் முன்னால் அப்பா கதிரையில் சாய்ந்து இருந்ததைக்கூட நான் கண்டதில்லை. அவருடைய சாரத்தைத் தூக்கிக் காலைக் காட்டு என்று எப்படிச் சொல்வார்? மிச்சம் இருந்தது நான்தான். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, கரண்டியால் தேன் வார்த்து, சுற்றி முடிச்சுப் போடுவேன். எனக்கு அது டொக்டர் விளையாட்டு.

அம்மா சமையலை விட்டுக் குசினி வாசலில் நின்று என்னிடம் சொல்வார், “பெரியப்பாவிட்டச் சொல்லு, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டட்டாம்.”

முன் கதிரையில் இருந்து பெரியப்பாவும் என்னிடமே சொல்வார், “அம்மாவிட்டச் சொல்லு, தேன் வைச்சிருக்கெண்டு.”

இருவருக்கும் நடுவில் நான் நிற்பேன். சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது.

அப்பா ஒருநாள் மட்டும் கதவோரம் நின்று, “அண்ணை, காட்டினா என்ன?” என்றார். பெரியப்பா பேப்பரை மடித்து வைத்தார். கச்சேரியில் அவரோடு வேலை செய்த ஒருவர் கால் விரலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய், முழங்காலோடு வெட்டுப்பட்டுத் திரும்பி வந்தாராம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிப்போனது. பயந்துபோன பெரியவர் ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை. அதனால் அது பயம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குத் தேன் வைக்கிறார்கள் என்றும் பெரியப்பா சொல்வார். அது பொய்யில்லை. வளர்ந்த பிறகு நானும் வாசித்தேன். அங்கே அழுகிய சதையை முதலில் வெட்டி எடுக்கிறார்கள்; மருந்துக்கென்று சுத்தம் செய்த தேனை வைக்கிறார்கள். வாளியில் வந்த தேனைப் பழைய வேட்டியில் வைத்து எட்டு வயதுப் பிள்ளை கட்டுவதில்லை.

கொஞ்ச நாளில் துணியை அவிழ்க்கும்போது ஒரு நாற்றம் வரத் தொடங்கியது.

“மணக்குது பெரியப்பா.”

“வேப்பம்பூத் தேன். அப்பிடித்தான் மணக்கும்.”

நம்பினேன். சின்ன விரலும் அதற்கடுத்ததும் கறுத்தன. தேன் பழைய தோலைக் கறுக்க வைத்துத்தான் விழுத்தும், அடியில் புதுத்தோல் வரும் என்றார். அதையும் நம்பினேன். கறுப்பு மேலே ஏற ஏற, தேன் மும்முரமாக வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சிநேகிதிக்கும் சொன்னேன்.

ஒரு நாள் காலமை பெரியப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கட்டிலில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். குசினிச் சுவரில் இருந்து, கதவு நிலையைச் சுற்றி, கட்டில் காலில் ஏறி, அவருடைய கட்டுத் துணிக்குள் ஒரு சிவப்புக் கோடு போய்க்கொண்டிருந்தது. நெருப்பெறும்பு. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன். அவை என் கையில் ஏறிக் கடித்தன. வீடே அதிரக் கத்தினேன்.

பெரியப்பா பேப்பரை இறக்கிப் பார்த்தார். துணிக்குள் எறும்பு போவதும் வருவதுமாக இருந்தது.

“கள்ளத் தேன்,” என்றார். “அவன் என்னை ஏமாத்திப் போட்டான்.”

எனக்குத் தேன்காரர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்தல் கேட்டு ஓடிவந்த அப்பா நிலத்தில் முழந்தாளிட்டுத் துணியை அவிழ்த்தார். அவிழ்த்ததும் அப்படியே இருந்துவிட்டார். வாசலில் நின்ற அம்மா மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

“எழும்புங்கோ. இப்பவே போறம்,” என்றார். பெரியப்பாவைப் பார்த்து, நேரே.

அம்மா சொன்னபடி பெரியப்பா எழும்பினார்.

என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் யாரும் இல்லாததால் நானும் ஓட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் அவர் என் கையை விடவேயில்லை. திரை போட்ட கட்டில் ஒன்றில் படுக்க வைத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் வந்தார். சிங்களப் பிள்ளை, தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். நூல்போல மெல்லிய ஒன்றைக் கையில் எடுத்தார்.

“ஐயா, கண்ணை மூடுங்கோ. நான் தொட்டா ஓம் சொல்லுங்கோ.”

பாதத்தில் தொட்டார். பெரியப்பா பேசவில்லை. குதிகாலில் தொட்டார். பேசவில்லை. டொக்டர் கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றபோது, “ஓம்,” என்றார்.

பிழை. இது சோதனை என்று விளங்கிவிட்டது. அவர் பெயில் ஆகிக்கொண்டிருந்தார். பெயில் ஆனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அந்தக் கச்சேரிக்காரரின் கதையில் இருந்து எனக்குத் தெரியும். டொக்டர் அடுத்த தடவை தொட்டபோது பெரியப்பாவின் கையை இறுக்கினேன்.

“ஓம்,” என்றார்.

மறுபடி தொட்டார். இறுக்கினேன். “ஓம்.” அவருடைய விரல்களும் என் விரல்களை ஒருதரம் இறுக்கிவிட்டன. மூடிய கண்ணோடு அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

டொக்டர் நிமிர்ந்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பிள்ளையைக் கொஞ்சம் வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார் அம்மாவிடம்.

பெரியப்பாவின் விரல்களை அப்பாதான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

அன்று பின்னேரம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நஞ்சு அதற்கு முதலே மேலே ஏறியிருந்தது. அந்தக் கிழமையின் ஏழு நாளும் முடியுமுன் பெரியப்பா இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நேரம் திரைக்கு வெளியே நானும் அம்மாவும் மர வாங்கில் இருந்தோம். நான் விக்கி விக்கி அழுதேன்.

“என்னை ஏனம்மா வெளியில விட்டவை? நான் நிண்டிருந்தா பெரியப்பா பாஸ் பண்ணியிருப்பார்.”

அம்மா என் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ஓம் பிள்ளை,” என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் டொக்டரின் குரல் கேட்டது. “இப்ப?” பதில் இல்லை. “இப்ப?” பதில் இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கையை இறுக்கினேன். எப்படியாவது அது அவரிடம் போய்ச் சேரும் என்று நினைத்தேன்.