தூக்காத விரல்

அவனை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் பெருந்தன்மையை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

கனடாவில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில், மருந்துப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ். கோடை ஞாயிறுகளில் அவன் ஒரு கிரிக்கெட் கிளப்புக்குக் கப்டன், நான் இன்னொன்றுக்கு. இரண்டும் யாழ்ப்பாணத்து இரண்டு பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் கட்டியவை. அந்தப் பள்ளிக்கூடங்களின் பகையை நாங்கள் சூட்கேசில் உடுப்போடு சேர்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தோம். போதாததற்கு, இருவருமே வேகப்பந்து வீச்சாளர்கள்.

2003இல் கனடா உலகக் கோப்பைக்குப் போனது. எங்களைத் துரத்திய நாடு, எங்களை ஏற்றுக்கொண்ட நாட்டை முப்பத்தாறு ஓட்டங்களுக்குச் சுருட்டியது. யாருக்குக் கைதட்டுவதென்று தெரியாமல் எங்கள் ஆட்கள் விழித்தார்கள். நான் விழிக்கவில்லை. இந்த அணியில் எனக்கு இடம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கனடாவில் கிரிக்கெட் வளர்கிறது என்று பெருமையாகப் பேசினார்கள். வளர்த்தது யார்? தேங்காய் நார்ப் பாயைச் சொந்தக் காரில் ஏற்றிவந்து, பூங்காவில் ஆடுகளமாக விரித்து, நாலு பக்கமும் ஆணி அடித்து விளையாடிய நாங்கள். நாயோடு நடக்க வரும் கிழவர் அந்தப் பாயில் ஏறி நின்று "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். அவர் இறங்கும்வரை பந்துவீச்சாளன் காத்திருக்க வேண்டும். இதுதான் வளர்ச்சி.

அந்தக் கோடையில், மாகாண அணிக்கு ஆள் தேடி ஒரு தெரிவாளர் எங்கள் இரண்டு கிளப்பும் மோதும் ஆட்டத்துக்கு வந்தார். கயானாக்காரர், மடக்கு நாற்காலியும் குறிப்பு எழுத ஒரு கொப்பியும் கொண்டுவந்திருந்தார். மாகாண அணிக்குள் புகுந்தால் தேசிய அணிக்கு வழி உண்டு. எனக்கு வயது இருபத்தொன்பது. வேகப்பந்து வீசுகிறவனுக்கு அது கடைசி பஸ்.

எங்கள் ஆட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. துடுப்பெடுத்தாடும் அணியே நடுவரையும் கொடுக்கும். அந்த நடுவர் தன் ஆளுக்கு எல்.பி.டபிள்யூ அவுட் என்று விரலைத் தூக்கவே மாட்டார். நேரே குச்சிக்குப் போகிற பந்தை ஒருவன் காலால் மறித்தாலும் அவர் வானத்தைப் பார்ப்பார். எழுதாத சட்டம் அது. எழுதிய சட்டங்களை மீறியவர்கள்கூட அதை மீறியதில்லை.

தெரிவாளர் வந்ததும், இரண்டு பக்கத்துக்கும் தானே நடுவராக நிற்கட்டுமா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு வேண்டாம் என்றேன். எங்கள் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவருக்கும் மட்டையைவிடக் காலில்தான் நம்பிக்கை அதிகம். அவர் நடுவராக நின்றால் அவர்கள் இரண்டு ஓவர் தாங்கமாட்டார்கள். அவனும் வேண்டாம் என்று தலையாட்டினான். அவனும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவர்கள் முதலில் ஆடினார்கள். அவன் கடைசி ஆட்டக்காரன் என்பதால் நடுவராக வந்து நின்றான். என் மூன்றாவது பந்து உள்ளே வளைந்து ஆட்டக்காரனின் கணுக்காலில், நடுக்குச்சிக்கு நேரே பட்டது. கத்திக்கொண்டு திரும்பினேன்.

"மேலால போகுது, அண்ணை."

கணுக்காலில் பட்ட பந்து எந்த ஊரில் மேலால் போகும்? அன்று இன்னும் மூன்று முறை காலில் அடித்தேன். மூன்று முறையும் அவன் மேகம் பார்த்தான். அந்தக் கழுத்தை நெரித்தால் என்ன என்று உண்மையாகவே நினைத்தேன்.

பிறகு எங்கள் முறை. பந்து அவன் கையில், நடுவர் நான். அவன் நன்றாக வீசினான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இரண்டாவது பந்திலேயே எங்கள் ஆளின் காலில் அடித்தான். எல்.பி.டபிள்யூவுக்கு இதைவிட நல்ல பந்து கிடையாது. தெரிவாளர் நாற்காலியை என் முதுகுக்கு நேர் பின்னால் கொண்டுவந்து போட்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"வெளியால போகுது," என்றேன். பிறகு இன்னும் இரண்டு முறை அதையே சொன்னேன். சொல்லும்போது தேன் குடித்த மாதிரி இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் தெரிவாளர் ஸ்கோர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். எனக்கு விக்கெட் பூச்சியம். அவனுக்கும் பூச்சியம். தெரிவுச் சபைக்குத் தான் கொண்டுபோகக்கூடியது இந்தப் புத்தகத்தில் உள்ளதை மட்டுமே, கண்ணால் கண்டதை அல்ல என்றார் ஆங்கிலத்தில். "நடுவராக நான் நிற்கட்டுமா என்று கேட்டேனே," என்றும் சொன்னார். நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் இருவரையுமே யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கோடைக்குள் பெட்டி தூக்கித் தூக்கி என் தோள் போய்விட்டது.

நாலு வருடம் அதே பஸ்ஸில் போனோம். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த உலகக் கோப்பையின்போது, அரிசி வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் மட்ச் போட்டிருந்தார். அவனும் அங்கே நின்றான். கனடாவின் பந்துவீச்சாளர் ஒருவர் எதிரணி ஆட்டக்காரரின் காலில் அடித்தார். யோசிக்காமல் நடுவர் விரலைத் தூக்கினார். அவ்வளவு சுலபம்.

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அண்ணை, அண்டைக்கு உங்கட மூண்டாவது பந்து அவுட்தான்."

"இப்ப சொல்லி என்ன? விரலை அண்டைக்கெல்லோ தூக்கியிருக்க வேணும்."

"ஓம். நீங்களும்தான்."

அது உண்மை. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், வாய்வரைக்கும் வந்தது. அவனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.