தலையாட்டியும் இரண்டு ஏரிகளும்

அவளுக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தது அவளுடைய அக்காதான். சிறு வயதில் எதைச் சொன்னாலும் "ம், புரிஞ்சுது" என்று தலையை ஆட்டுவாள். பிறகு சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டு வந்து நிற்பாள். மண்டு என்று சொல்லிவிட முடியாது. பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். புரியவில்லை என்ற ஒரு சொல்தான் அவள் வாயில் வராது. வகுப்பே தலையாட்டும்போது தான் மட்டும் கை தூக்கினால் எல்லாக் கழுத்தும் திரும்புமே, அதைத் தாங்கும் தெம்பு அவளுக்கு இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது, சொல்லுங்கள்!

வளர்ந்து விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை போடும் வேலைக்குப் போனாள். பெட்டியைத் தூக்கி வைப்பது, எடை பார்ப்பது, சீட்டு ஒட்டுவது, சிரிப்பது. சில வருடம் இப்படிப் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. இத்தனை பேரை அனுப்பி வைக்கிறோமே, நாமே ஓட்டினால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியதை அக்காவிடம் சொன்னாள்.

"ஸ்கூட்டரைத் திருப்பச் சொன்னா கீழ இறங்கித் தள்ளிட்டு வர்றவ நீ. விமானமா?" என்றாள் அக்கா. ஆனால் சேர்க்கை நாளன்று தன் முடிதிருத்தும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்ததும் அவள்தான்.

பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளருக்கு முகத்தைவிட மீசை அகலம். எல்லாருக்கும் அவர் மீசை சார். முதல் நாளே தைரியம் சொன்னார். "விமானி ஆகணும்னா பெரிய கணக்குப் புலியா இருக்கணும்னு நெனைக்காதீங்க. கூட்டல், கழித்தல், விகிதம், முக்கோணம், கொஞ்சம் இயற்பியல். எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் எல்லாரையும்விட நன்றாக ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் என்பது மற்றவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. அவளுக்கு அதுவே கலக்கம். பள்ளிக்கூடத்தில் புரிந்திருந்தால் அல்லவா!

பாடங்கள் ஒவ்வொன்றும் அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டன. விமானம் ஓர் அளவுக்கு மேல் மெதுவாகப் பறக்க வேண்டுமென்றால் எஞ்சினுக்கு இன்னும் அதிக சக்தி கொடுக்க வேண்டுமாம். மெதுவாகப் போக எதற்கு அதிக சக்தி? உயரமானி உயரத்தைக் காட்டுகிறது. ஆனால் அது அளப்பது காற்றின் அழுத்தத்தையாம். அப்படியென்றால் உயரத்தை யார் அளப்பது? இரவல் வாங்கிய பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்து எழுத்துத் தேர்வில் ஒருவழியாகக் கரையேறினாள். பக்கத்து மேசைக்காரன் நூற்றுக்கு நூறு வாங்கினான். அதனால் அவன் பெயரே சென்டம் ஆகிவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய வம்பு காற்றுதான். கிழக்கே போகும் விமானத்துக்குத் திசை தொண்ணூறு பாகை. அதாவது போகிற பக்கம். தெற்கிலிருந்து வரும் காற்றுக்குத் திசை நூற்றெண்பது. அதாவது வருகிற பக்கம். ஒரே வானம், ஒரே திசைமானி, இரண்டு நியாயம். காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதால் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கமாகச் சற்றுத் திருப்பிக்கொண்டு ஓட்ட வேண்டும். எத்தனை பாகை என்பதை ஒரு முக்கோணம் வரைந்து கண்டுபிடிக்க வேண்டும். முக்கோணம் வரைவதில் அவளுக்குக் கஷ்டமில்லை. காற்றுக்கு வரையும் அம்பின் தலையை எந்த முனையில் போடுவது என்பதில்தான் குழப்பம்.

ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம், அக்கா கடையிலேயே செய்து பார்த்தார்கள். அவள் ஒரு பந்தைத் தரையில் உருட்டினாள். அக்கா பக்கத்திலிருந்து முடி உலர்த்தும் இயந்திரத்தைப் பிடித்தாள். பந்து வளைந்து ஓடி நாற்காலிக்கு அடியில் புகுந்தது.

"காத்து என்கிட்டேர்ந்து வருது. அப்போ இது அக்கா காத்து" என்றாள் அக்கா.

"அதெப்படி? பஸ்ஸுல போற ஊர் பேரைத்தானே போடறாங்க? வர்ற ஊர் பேரைப் போட்டா எவன் ஏறுவான்?"

அக்கா யோசித்தாள். "அதுவும் சரிதான். அப்போ இது நாற்காலிக் காத்து."

இதற்குப் பிறகு யார் காப்பாற்ற முடியும்? கடை வாசலில் 'தென்றல் அழகு நிலையம்' என்று பெரிய பலகை தொங்குகிறது. தெற்கிலிருந்து வருவதால்தான் அது தென்றல். அக்காவும் தங்கையும் அதற்கு அடியில் நின்று அரைமணி நேரம் வாதாடினார்கள். ஒருத்தியாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

தனியாக முதல் தொலைதூரப் பயணம் போனபோது அவள் கீழே வழிகாட்ட வேண்டிய ரயில் பாதை என்று நம்பி இன்னொரு ரயில் பாதையைப் பிடித்துவிட்டாள். எப்படியோ திரும்பி வந்தாள். மீசை சார் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை வழி தப்பினா மூட்டையக் கட்டிட வேண்டியதுதான். புரிஞ்சுதா?" என்றார். அந்த ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

இரண்டாவது பயணத்தன்று காலை, நேர் கிழக்கே ஒரு ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். தெற்குக் காற்று, திசை நூற்றெண்பது. அவள் பயணத் திட்டத் தாளில் முக்கோணம் வரைந்தாள். நூற்றெண்பது என்றால் தெற்கு. ஆகவே அம்புத் தலையைத் தெற்குப் பக்கம் போட்டாள். காற்று வலப்பக்கம் தள்ளும், ஆகவே மூக்கு இடப்பக்கம் பன்னிரண்டு பாகை. தொண்ணூறில் பன்னிரண்டு கழித்தால் எழுபத்தெட்டு. சரிதானா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அடுத்து அதே வழியில் பறக்க வேண்டிய சென்டம் எட்டிப் பார்த்தான்.

"எழுபத்தெட்டா? ம், சரிதான்க்கா" என்றான்.

சென்டமே சொல்லிவிட்டான், அப்புறம் என்ன! மீசை சார் வந்து எரிபொருள் கணக்கைப் பார்த்தார், எடைக் கணக்கைப் பார்த்தார். "காத்துக் கணக்கு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாலம் வர வேண்டிய நேரத்தில் பாலம் வரவில்லை. ஆறே வரவில்லை. கீழே ஒரு ஏரி பளபளத்தது, ஓரத்தில் நீளமாக ஒரு கரை. வரைபடத்தை மடியில் விரித்தாள். போக வேண்டிய கோட்டுக்கு வடக்கே ஒரு ஏரி, அதற்கு அப்பால் மலை. தெற்கேயும் ஒரு ஏரி. இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம், இரண்டுக்கும் கரை. வரைந்தவன் வேலை மிச்சம் என்று ஒன்றையே இரண்டு முறை போட்டுவிட்டானோ என்றுகூட நினைத்தாள்.

அவள் தன்னோடு பேசிப் பார்த்தாள். காற்று நாம் நினைத்த பக்கமே, ஆனால் நினைத்ததைவிட வலுவாக அடித்தால், இது தெற்கு ஏரி. இடப்பக்கம் திரும்பினால் பாலம். ஆனால் அம்பைத் தலைகீழாகப் போட்டிருந்தால்? அப்போது காற்றும் வடக்கே தள்ளியிருக்கும், நாமும் வடக்கே திருப்பியிருப்போம். இது வடக்கு ஏரி. இடப்பக்கம் திரும்பினால் மலை. இடப்பக்கம் பார்த்தாள். மேகம் தரைவரை இறங்கி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் மலை இருந்தாலும் தெரியாது, பாலம் இருந்தாலும் தெரியாது.

ஏரியை ஒரு சுற்று சுற்றினாள். வானொலியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் உதவுவார்கள். சொன்னால் பள்ளி முழுக்கக் கேட்கும். மீசை சார் கேட்பார். மூட்டை கட்ட வேண்டியதுதான். பெட்டிகளை எடை போடும் மேசைக்குத் திரும்ப வேண்டும். சொல்லாமல் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டத்தில் திரும்பிவிடலாம். இதுவரை வாழ்க்கையில் எல்லாவற்றையும் அப்படித்தானே கடந்தாள்! இன்னொரு சுற்று சுற்றினாள். எரிபொருள் முள் இறங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள். சொல்லிக் கொடுத்த வானொலிச் சொற்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மேடம், நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியல. கீழ ஒரு ஏரி இருக்கு, எந்த ஏரின்னு தெரியல."

கோபுரத்து மேடத்தின் குரல் பதறாமல் வந்தது. "சரிம்மா. பொத்தானை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஏதாவது பேசு. உன் குரல் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு எங்க கருவி காட்டும். நிறுத்தாம பேசு."

"என்ன பேசறது மேடம்?"

"மனசுல இருக்கிறதைப் பேசு."

அவளும் பேசினாள். "காத்துக்கு மட்டும் ஏன் வர்ற பக்கத்தைச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியல மேடம். மெதுவா போறதுக்கு ஏன் அதிக சக்தி வேணும்னு புரியல. உயரமானி என்னத்த அளக்குதுன்னு புரியல. சைன் எப்போ போடணும் காஸ் எப்போ போடணும்னு மனப்பாடம்தான், புரியல. மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் ப்ளஸ் வருதுன்னு எட்டாவது படிக்கும்போது கேக்கணும்னு நெனச்சேன், எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டிட்டேன். இன்னிக்கு வரைக்கும் புரியல..."

"போதும்மா, போதும். வடக்கு ஏரி மேல இருக்க. இடப்பக்கம் திரும்பாத, மலை. வலப்பக்கமா சுத்தி இருநூத்தி முப்பத்தஞ்சுல வா. காத்துக் கணக்கு நான் போட்டாச்சு, நீ எதையும் போடாத."

இறங்கி எஞ்சினை நிறுத்தினாள். மீசை சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஓடுபாதைப் பக்கத்திலிருந்து சென்டம் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கிளம்புவதற்காக எஞ்சினை ஓட விட்டு நின்றிருந்தவன், அவள் பேசியதை வானொலியில் கேட்டு எஞ்சினை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். கையில் அவனுடைய திட்டத் தாள்.

"சார், எனக்கும் எழுபத்தெட்டுதான். நான் கணக்கே போடல, இந்த அக்காவோடதைப் பார்த்து எழுதினேன். எனக்கும் அந்த அம்பு குழப்பம்தான் சார்."

நூற்றுக்கு நூறு வாங்கியவன்! அவனைப் பார்த்து அவள் தைரியம் கொண்டாள். அவளைப் பார்த்து அவன் எழுதினான். மீசை சார் வகுப்பிலிருந்த மற்றவர்களின் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பாதிப் பேர் மூக்கை மலைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அத்தனை தாளிலும் அவர் கையெழுத்து இருந்தது.

எல்லாரையும் வகுப்பறைக்கு வரச் சொன்னார். பலகையில் முக்கோணம் வரைந்தார். அம்புத் தலை போட்டார். விளக்கினார். பழக்க தோஷத்தில் கேட்டார்: "புரிஞ்சுதா?"

அவள் கழுத்தும் பழக்க தோஷத்தில் ஆடத் தொடங்கியது. தாடையைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"இல்ல சார்" என்றாள்.

"இல்ல சார்" என்றான் சென்டம். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், ஜன்னல் பக்கமிருந்து இன்னொரு குரல். மீசை சார் பலகையை ஓரம் விடாமல் அழித்தார்.

"சார், நான் மூட்டை கட்டணுமா?" என்று அவள் எழுந்து கேட்டாள்.

"நீ போயிட்டா இங்க இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா? உக்காரு" என்று சொல்லிவிட்டுப் புதிதாக ஒரு சுண்ணக்கட்டியை எடுத்தார்.