சந்தனம் பட்ட பிளாப்பி

அப்பா போன மாதம் இறந்தார். அவரைப் பற்றி எழுத நினைத்தால், அவர் உட்கார்ந்திருந்த காட்சி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. சாப்பாட்டையும் எங்கள் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டின் வராந்தாவில் நடந்தபடியேதான் சாப்பிடுவார்.

பெயர் கனகசுந்தரம். ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதும் கிராணி. 1991இல் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கத் தெரிந்த கிராணிக்கு மட்டுமே இனி வேலை என்றார் மேனேஜர் முகம்மது சுல்தான். ஐம்பது வயதைத் தாண்டிய அப்பா கட்டளைகளை மனப்பாடம் செய்தார்.

முதல் பொறுப்பு: செப்டம்பர் சரக்குக் கணக்குகளை ஒரே கோப்பாகச் சுருக்கி, பிளாப்பி டிஸ்கில் கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் கிளைக்குக் கொண்டுபோவது. ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவு. அதனால் கட்டளையில் ‘-m’ சேர்த்தார். சுருக்கி முடித்ததும் மூலக் கோப்புகளை அதுவே அழித்துவிடும். சோதித்துப் பார்த்தார், சரியாக இருந்தது. மறுநாள் அக்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று பிளாப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்று சரஸ்வதி பூஜை. என் பொறியியல் புத்தகங்களோடு பிளாப்பியையும் படத்தின் முன் வைத்தார். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பிளாப்பியின் உறையில் ஓரிடம் திறந்திருக்கும். உள்ளேயிருக்கும் காந்தத் தட்டு அதில் தெரியும். பொட்டு அங்கேயே விழுந்தது.

“என்ன வள்ளி! அங்கயா வைப்ப?”

“பொட்டு வைக்க இடம் விட்டுத்தானே செஞ்சிருக்கான்.”

“துடைச்சிட்டு வச்சிடறேன்.”

“பூஜையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். தொடாதீங்க லா.”

அப்பா வராந்தாவுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார்.

“காஞ்சா என்னாகும்?” என்று என்னைக் கேட்டார்.

“ஓடும்போது தட்டு கீறிடும்ப்பா. ஈரத்தோட கழுவினா பிழைக்கலாம்.”

“ஒரிஜினல் இல்லடா. இது போனா என் வேலையும் போச்சு.”

அம்மாவைப் பார்க்காமல் கை நீட்டி எடுத்தார். நான் உறையைப் பிளந்து தட்டை உருவினேன். குழாயில் கழுவி, வேட்டியில் ஒற்றி, காலி பிளாப்பி ஒன்றின் உறைக்குள் நுழைத்தேன். அடுப்படியில் பாத்திரங்கள் சத்தமாக இறங்கின.

காலையில் அப்பாவும் நானும் முதல் பஸ்ஸில் ஆபீசுக்குப் போனோம். கோப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒன்று மட்டும் பழுது என்றது கம்ப்யூட்டர். அதற்குரிய காகிதங்களைத் தேடியெடுத்து, அப்பா நின்றபடியே மறுபடி தட்டினார். பிறகு ‘-m’ இல்லாமல் சுருக்கி, இரண்டு பிளாப்பிகளில் எடுத்துக்கொண்டு ஃபெரிக்கு ஓடினார்.

மாலையில் அம்மா கதவிலேயே நின்றார்.

“வேலை இருக்கா?”

“இருக்கு. ஒரு ஃபைல்தான் போச்சு.”

“பூஜையில கை வச்சதுக்கு ஒண்ணோட விட்டாளே!” என்றபடி அம்மா சோறு போடப் போனார்.