இரவல் மூக்கு

"இதுவா... இல்ல, இதுவா?"

கண்ணாடிக்காரர் இடது கையில் ஒரு பிடி உரம், வலது கையில் ஒரு பிடி உரம் வைத்துக்கொண்டு கேட்கிறார். எதிரே நிற்பவர் கீழ்வீட்டுத் தையற்காரர். காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்கு வந்தவர் வசமாக மாட்டிக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அவசரப்படாதீங்க. நிதானமா மோந்து பாருங்க. முதல்ல பாத்தது தெளிவா இருந்துச்சா, இப்ப பாக்கறதா?"

தெளிவாம்! முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்ட வாய். மாடிக்கு வந்தால் மட்டும் வேறு பாஷை பேசுமா? தையற்காரர் குத்துமதிப்பாக வலது கையைக் காட்டிவிட்டு, துணியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் கண்ணாடிக்காரருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கின் சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து அறையில் யாராவது நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாலே தும்மித் தீர்த்த மனிதருக்கு இன்றைக்கு ரோஜாவும் மண்ணெண்ணெயும் ஒன்று. அப்படிப்பட்டவர் தேடிப் பிடித்த பொழுதுபோக்கைப் பாருங்கள், சமையலறைக் கழிவில் உரம் தயாரிப்பது! "மூக்கு போனவன் செய்யாம வேற யாரு செய்வா? எனக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்ல" என்பார். கஷ்டமெல்லாம் அக்கம்பக்கத்துக்குத்தான்.

மாடியின் ஓரத்தில் மூன்று நீல டிரம்கள். கண்ணாடிச் சட்டத்தில் கடுகளவு திருகு மாட்டிப் பழகிய கை ஆதலால், காற்றுப் போகப் போட்ட துளைகள் நூல் பிடித்த மாதிரி இருக்கும். வாழைப்பழத் தோலை விரல் அகலத்துக்கு நறுக்குவார். முட்டை ஓட்டை வெயிலில் உலர்த்திப் பொடிப்பார். டீத்தூள் சக்கையைப் பிழிந்து, உதறி, பிறகுதான் போடுவார். ஒரு பிடி ஈரத்துக்கு இரண்டு பிடி சருகு. சருகு கிடைக்காத நாளில் கடைக்கு வரும் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் கலப்பார். கண் சோதிக்க வந்தவரிடம் எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால், "வீட்ல வெங்காயத் தோலை என்ன பண்றீங்க?" என்று விசாரிக்கிறார் என்று ஊரில் ஒரு புகார் உண்டு. புகார் உண்மைதான்.

உரம் பக்குவமாகிறதா, அழுகுகிறதா என்பதில் பாதியைத்தான் கண் சொல்லும். மழை விழுந்த மண் மாதிரி மணம் வந்தால் சரி. புளிப்பு வாடை அடித்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. இதைச் சொல்ல அவர் நம்பியிருந்தது மனைவியின் மூக்கை. அந்த அம்மாள் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். எந்த பாட்டில் திறந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். தினமும் காலையில் மாடிக்கு வந்து ஒவ்வொரு டிரம்மிலும் ஒரே ஒரு மூச்சு. "சருகு போடுங்க." "கிளறி விடுங்க." "பரவால்ல." அதே கையோடு கணவரின் தோள்பக்கம் குனிந்து ஒரு மூச்சு. "ம், போங்க." அந்த 'போங்க' கிடைத்த பிறகுதான் அவர் கடைக்குக் கிளம்புவார்.

அந்த மூக்கைத்தான் போன வாரம் கோட்டை விட்டார் பாவி மனுஷன்.

மனைவி இரண்டு நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். போகும்போதே, "மீன் கீன் போட்டுத் தொலைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இவர் கேட்டால்தானே? மீனில் சத்து அதிகம் என்று யாரோ சொன்னதை நம்பி, நடு டிரம்மில் நாலு மீன் தலைகளைப் புதைத்தார். மறுநாளே நாற்றம் குடலைப் பிடுங்கியது, இவர் ஒருத்தரைத் தவிர எல்லோருக்கும். வீட்டு ஓனரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்து சத்தம் போட்டபோது, கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்து, வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்: "என் மிஸஸ் காலைலதாங்க மோந்து பாத்தா. நல்லாதான் இருக்குன்னா."

மிஸஸ் அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பி, கையில் பையோடு, படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். ஓனரம்மா இறங்கிப் போனதும் ஏறி வந்தார்.

"மீன் போட்டது நீங்க, பழி என் மூக்குக்கா? நல்லா இருக்கு! இனிமே வேற மூக்கு பாத்துக்குங்க."

ஓனரம்மா இறங்குவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை வரை கெடு வைத்திருந்தார். அன்றைக்கும் நாறினால் மூன்று டிரம்மும் குப்பை வண்டிக்கு.

கண்ணாடிக்காரர் மீன் தலைகளைத் தோண்டி எடுத்தார். ஒரு மூட்டை மரத்தூள் கொட்டினார். மூன்று வேளையும் கிளறினார். அப்புறம் இரவல் மூக்குக்காக அலைந்தார். தபால்காரர், குழாய் ரிப்பேர்காரர், கடைக்கு வந்த கல்லூரிப் பேராசிரியர் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் அரை மூச்சு இழுத்து, "பிரமாதம் சார்" என்று சொல்லி நழுவினார்கள். இப்படிப்பட்ட பிரமாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடையில் வேறு ஒரு வேதனை. வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போது கையை மட்டும் நீட்டி, ஒரு முழம் தள்ளி நின்றார். இரண்டு தடவை குளித்தும் மனசு ஆறவில்லை. "என் மேல நாத்தம் அடிக்குதான்னு எனக்கே தெரியலப்பா. இதை யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்று தையற்காரரிடம் புலம்பினார். டிரம் போனால்கூட நெஞ்சைத் தேற்றிக்கொள்வார். காலையில் அந்த 'போங்க' இல்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓனரம்மா கைக்குட்டையோடு வந்து சேர்ந்தார். கண்ணாடிக்காரர் நடு டிரம்மைத் திறந்துவிட்டுக் கைகட்டி நின்றார். ஓனரம்மா எட்டிப் பார்த்தார், மூச்சை இழுத்தார், பலமாகத் தும்மினார்.

"எனக்கு நாலு நாளா சளி. ஒரு மண்ணும் தெரியல. உங்க மிஸஸைக் கூப்பிடுங்க. அன்னிக்கு நல்லா இருக்குன்னாங்களே, இன்னிக்கும் அவங்களே சொல்லட்டும்."

மனைவி அங்கேதான், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

கண்ணாடிக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "அன்னிக்கு அவ மோந்தே பாக்கலைங்க. ஊர்லயே இல்ல. வேணாம்னு சொல்லிட்டுப் போனா, நான்தான் மீன் போட்டேன். உங்களைப் பாத்ததும் பயந்துபோய் அவ மேல போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். டிரம்மை நீங்க எடுத்துட்டுப் போனாலும் சரிங்க."

கொடியில் பாதி விரித்த போர்வை அப்படியே நின்றது. மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து டிரம்முக்கு மேல் குனிந்தார்.

கண்ணாடிக்காரர் இம்முறை 'இதுவா, இதுவா' என்று எதுவும் கேட்கவில்லை. மனைவியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சுளிக்குமா? குனிந்த வேகத்தில் மனைவி போட்டிருந்த கண்ணாடி நழுவி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் அதைத் தள்ளிவிடவில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்டார், மூக்கு சுளிக்கவில்லை. நிமிர்வார் என்று பார்த்தால், டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, யாரும் கேட்காமலே இன்னொரு மூச்சு இழுத்தார்.